524 அட்டைகளில் எத்தனை போதும்? டி206 வரிசையை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட பழைய அட்டைகளைச் சேர்க்கத் தொடங்கும் ஒருவரிடம் எதைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டால், "1970க்கு முந்தையது எதுவானாலும்" என்று பதில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் 1880களிலிருந்தே சிகரெட், மெல்லும் புகையிலை, கேரமல் மிட்டாய், பபிள்கம், ரொட்டி என்று கண்டதோடும் சேர்த்து அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கம்பெனி ஒரு தொகுதியாக வெளியிட்டதை வரிசை என்பார்கள். அப்படிப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கையே பல நூறு. அந்தப் பதிலோடு இறங்கியவரிடம் சில வருடம் கழித்து ஒரு டப்பா இருக்கும். அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சில டஜன் அட்டைகள் கிடக்கும். அடுத்து எதை வாங்குவது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அந்த வாரம் ஏலத்தில் எது மலிவாக வந்ததோ அதுதான் தீர்மானிக்கிறது.

எல்லை ஒன்று வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்த எல்லை என்பதில்தான் பேச்சு. பிடித்த அணியைச் சேர், பிடித்த வீரரைச் சேர் என்பது வழக்கமான அறிவுரை. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். பிடிப்பு முதல் ஆறு மாதத்துக்குத் தாங்கும். அதற்கப்புறம் தொகுப்பை நகர்த்துவது ஒரு சாதாரணக் கணக்கு: இந்த வேகத்தில் வாங்கினால் கடைசி அட்டை எத்தனை வருடத்தில் கைக்கு வரும்? விடை முப்பது வருடம் என்றால் ஆர்வம் வடிந்துவிடும். மூன்று மாதம் என்றால் அது தொகுப்பே இல்லை, ஒரு ஷாப்பிங். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொள்கிறேன். பழைய அட்டை உலகில் அதிகம் பேசப்படுவது அதுதான்: டி206.

வரிசையும் அதற்கு எண் கொடுத்தவரும்

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட், புகையிலைப் பொட்டலங்களுக்குள் வைத்த அட்டைகள் இவை. அளவில் நம்மூர்த் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அகலம் 3.6 சென்டிமீட்டர் சொச்சம், உயரம் 6.7. நடுவில் கல்லச்சில் எடுத்த வண்ணப்படம், சுற்றிலும் வெள்ளை ஓரம், அடியில் பழுப்பு மையில் வீரரின் பெயரும் ஊரும். பின்பக்கம் முழுக்க சிகரெட் விளம்பரம். ஆட்டக் கணக்கு, வாழ்க்கைக் குறிப்பு எதுவும் கிடையாது. வரிசை எண்ணும் கிடையாது. அதனால் மொத்தம் எத்தனை அட்டைகள் வெளிவந்தன என்பதைப் பிற்காலத்தில் சேர்ப்பவர்களே தேடித் தேடி எண்ண வேண்டியிருந்தது. இன்று பொதுவாக ஒத்துக்கொள்ளப்படும் கணக்கு 524. 1911 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்க உத்தரவிட்டது. இந்த வரிசையும் அந்த வருடத்தோடு நின்றது.

டி206 என்ற பெயரைக் கம்பெனி வைக்கவில்லை. வைத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். 1900இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில், கிரவுஸ்-ஹைண்ட்ஸ் என்ற மின்சாதனத் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டும் வேலை. கடுமையான மூட்டுவாதம் வேறு. பேஸ்பாலில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. அவரை இழுத்தது அச்சடித்த காகிதம். விளம்பர அட்டை, தபால் அட்டை, சுருட்டின் மேல் சுற்றும் காகித வளையம், காதலர் தின வாழ்த்து, காகிதப் பொம்மை எல்லாம் சேர்த்தார். 1939இல் முதல் பட்டியலை வெளியிட்டார். பின்னர் அது அமெரிக்கன் கார்டு கேட்டலாக் என்ற பெயரில் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு டி, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு என், ஆரம்பகால மிட்டாய்க்கு இ, 1930களுக்குப் பிந்தைய மிட்டாய், பபிள்கம்முக்கு ஆர் என்று பிரித்து எண் கொடுத்தார். தங்க ஓரம் உள்ளது டி205, வெள்ளை ஓரம் உள்ளது டி206, பழுப்புப் பின்னணி உள்ளது டி207. இன்று கோடிக்கணக்கில் ஏலம் போகும்போதும் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

பர்டிக் தன் தொகுப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட காகிதங்கள், அதில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். கொடுத்ததோடு விடவில்லை. அங்கேயே போய் உட்கார்ந்து, வளைந்த விரல்களால் ஒவ்வொன்றாக ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், அந்த மார்ச்சில் காலமானார். இன்றைய சேர்ப்பாளர்கள் பிளாஸ்டிக் உறையை விட்டு அட்டையை வெளியே எடுக்கவே பயப்படுகிறார்கள். பசை என்ற சொல்லைக் கேட்டால் மயக்கம் போட்டுவிடுவார்கள். ஆனால் அவர் போட்ட எல்லைக்குள் அட்டையின் நிலை வரவே இல்லை. வகைக்கு ஒன்று கிடைத்ததா, பட்டியலில் இடம் நிரம்பியதா, அவ்வளவுதான். அதனால்தான் தொழிற்சாலைச் சம்பளத்தில் அவரால் அவ்வளவு சேர்க்க முடிந்தது. எதைக் கண்டுகொள்ளப் போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்ததுதான் அவருடைய பட்ஜெட்.

அவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடியதாக இருந்தது அட்டையின் நிலை. நம் காலத்து ஆள் எதை விட்டுக்கொடுக்கலாம்? மாதம் 150 டாலர் ஒதுக்கக்கூடிய ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, டி206இல் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முழு வரிசை

பலரும் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். சுமாரான நிலையில் உள்ள, அதிகம் அறியப்படாத வீரரின் அட்டை நூறு டாலருக்குள் கிடைக்கிறது. அதை நம்பித்தான் இறங்குவார்கள்.

வழியை மறிப்பவை நான்கு அட்டைகள். ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டையை அச்சடிப்பது தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் புகையிலை வாங்கக்கூடாது என்று அவர் மறுத்தார் என்பது ஒரு கதை, காசு கேட்டார் என்பது இன்னொன்று. இன்று இருப்பது ஐம்பது, அறுபது பிரதிகள்தான். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. எட்டி பிளாங்க் அட்டையும் அரிது. ஏன் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. ஷெர்ரி மகீயின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து மாறி விழுந்தது, கம்பெனி சீக்கிரமே திருத்திவிட்டதால் பிழையானது அபூர்வமாகிவிட்டது. நான்காவது ஜோ டாயில். மேஜர் லீக் எனப்படும் உச்ச மட்டத்தில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு உண்டு. அமெரிக்கன் லீக்கில் ஆடியவரை நேஷனல் லீக் நியூயார்க் அணிக்காரர் என்று போட்டுவிட்டார்கள். அதே ஊரின் நேஷனல் லீக் அணியில் லாரி டாயில் என்று வேறொருவர் இருந்தார், குழப்பம் அங்கே வந்திருக்கும். அதையும் திருத்தினார்கள்.

இந்த நான்கையும் கழித்தால் 520. இங்கே சேர்ப்பாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: 520 கிடைத்தாலே வரிசை முடிந்தது என்று தங்களுக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. சரி, நம் ஆள் மாதம் இரண்டு அட்டை வாங்குகிறார் என்றால் 520க்கு 260 மாதம், அதாவது இருபத்தோரு வருடம் எட்டு மாதம். அதுவும் எல்லாமே சாதாரண வீரர்கள் என்று வைத்துக்கொண்டால். நடுவில் பெரிய நட்சத்திரமான டை காப் மட்டும் நான்கு அட்டைகளில் நிற்கிறார்: பச்சைப் பின்னணி முகம், சிவப்புப் பின்னணி முகம், தோளில் மட்டை, தோளிலிருந்து விலகிய மட்டை. நான்கில் எளிதாகக் கிடைப்பது சிவப்பு. அடிபட்டு மூலை மழுங்கிய சிவப்புக் காப் கூட ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. முப்பது வயதில் தொடங்கி ஓய்வு பெறும்போது முடிப்பேன் என்பவருக்கு இது சரிப்படும். சேர்ப்பவர்கள் இந்த வரிசைக்கு 'மான்ஸ்டர்' என்று செல்லப்பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.

புகழ்பெற்றவர்கள் மட்டும்

பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்களின் அட்டைகள் இதில் 76. வாக்னர், பிளாங்க் போனால் 74. எண்ணிக்கை சின்னதாக இருக்கிறதே என்று இந்த வழிக்கு வருபவர்கள் அதிகம். சின்னத் தொகைக்காரருக்கு இதைவிட மோசமான வழி இல்லை என்பேன். காப் நான்கு, கிறிஸ்டி மாத்யூசன் மூன்று, சை யங் மூன்று, வால்டர் ஜான்சன் இரண்டு என்று விலை உயர்ந்ததை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். மூச்சு விட இடமே இல்லை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்கி, மற்ற மாதங்களில் விலை ஏறுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பின்பக்கம்

வெளியாட்களுக்கு இது விநோதமாகப் படும்: முன்பக்க வீரரைப் பொருட்படுத்தாமல் பின்பக்க விளம்பரத்தைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பதினாறு பிராண்டுகள். பீட்மாண்ட், ஸ்வீட் கேப்பொரல் இரண்டும் எங்கும் கிடைக்கும். சாவரின், ஓல்டு மில், போலார் பேர், அமெரிக்கன் பியூட்டி, சைக்கிள், டால்ஸ்டாய், எல் பிரின்சிபே டி கேல்ஸ், ஹிந்து ஆகியவை தேடினால் அகப்படும். கரோலைனா பிரைட்ஸ் கொஞ்சம் தண்ணி காட்டும். பிராட்லீஃப், லெனாக்ஸ், உசிட், டிரம் நான்கும் கடினம். டிரம் என்றால் முன்பக்கம் யாராக இருந்தாலும் ஆயிரங்களில்தான் பேச்சு. பதினாறாவது டை காப் பெயரிலேயே வந்த புகையிலை. 2016இல் ஒரு குடும்பத்தார், தங்கள் முன்னோரின் பழைய வீட்டில் கசங்கிய காகிதப் பைக்குள் அந்தப் பின்பக்கம் கொண்ட ஏழு அட்டைகளைக் கண்டெடுத்தது பெரிய செய்தியானது. அதற்கு முன் உலகத்தில் அறியப்பட்டிருந்தவை இருபதுக்கும் குறைவு.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, முன்பக்கம் யாரானாலும் பரவாயில்லை என்பதால் பணம் வீணாவதில்லை. யாரும் சீண்டாத வீரரின் அட்டையாகப் பார்த்து டால்ஸ்டாய் பின்பக்கத்தை வாங்கிவிடலாம். கையில் பிடித்துப் பார்க்கவும் சுவாரசியம் உண்டு. போலார் பேர் சிகரெட்டில் வரவில்லை, உதிரிப் புகையிலைப் பையில் வந்தது. அதனால் அந்த அட்டைகளில் புகையிலைக் கறை அதிகம். அமெரிக்கன் பியூட்டி பொட்டலம் ஒல்லி, அதற்கேற்ப அட்டையும் அகலம் குறைந்தது. விவரம் தெரியாதவர் யாரோ ஓரத்தை வெட்டிவிட்டார்கள் என்று ஒதுக்கிவிடுவார்.

காலக் கணக்கில் முதல் பத்து பிராண்டுகள் ஒன்றிரண்டு வருடத்தில் முடிந்துவிடும். அதற்குமேல் ஒரே ஏற்றம். பத்தில் நிறுத்திக்கொள்ளும் மனக்கட்டுப்பாடு இருந்தால் நல்ல எல்லை. ஆனால் 16இல் 10 என்பது மனதை உறுத்திக்கொண்டே இருக்கும் என்று இந்த வழியில் போனவர்கள் பலர் சொல்கிறார்கள். 524இல் 520க்குக் கிடைத்த ஊர் அங்கீகாரம் இதற்குக் கிடைக்கவில்லை.

தெற்கத்திக்காரர்கள்

டி206இல் 48 அட்டைகள் தெற்கு மாநிலங்களின் மைனர் லீக், அதாவது மேஜர் லீக்குக்குக் கீழ்மட்ட வீரர்களுடையவை. சதர்ன் அசோசியேஷன், சவுத் அட்லாண்டிக், டெக்ஸாஸ், வர்ஜீனியா என நான்கு லீக்குகள். நாஷ்வில், மெம்ஃபிஸ், மாண்ட்கோமரி, ரிச்மண்ட் என்று அடியில் ஊர்ப்பெயர் போட்டிருக்கும். முகங்களை யாருக்கும் தெரியாது. மேஜர் லீக் சாதாரண அட்டையைவிட இவை குறைவாக அச்சானவை, விலையும் அதற்கேற்பக் கூடுதல். ஆனால் காப் மாதிரி மலை ஒன்றும் நடுவில் நிற்காது. முதல் அட்டைக்கும் கடைசி அட்டைக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லாத எல்லை இது. அப்படி அமைவது அபூர்வம். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் எட்டு வருடம். பொறுமைசாலிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கம்பெனி போடும் எல்லை

டி206ஐ விட்டு ஒரு நிமிடம் விலகி, இரண்டு வரிசைகளைப் பார்த்துவிட்டு வரலாம். 1933இல் கௌடி கம் கம்பெனி 240 வரை எண் போட்டு அட்டை வெளியிட்டது. 106ஆம் எண் மட்டும் எந்தப் பொட்டலத்திலும் இல்லை. பிள்ளைகள் அதைத் தேடித் தேடிக் கம் வாங்கினார்கள். எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் 1934இல் நாப் லாஜுவாய் என்ற வீரரின் அட்டையை அந்த எண்ணில் அச்சடித்து அனுப்பினார்கள். அந்த வரிசையைச் சேர்ப்பவர்கள் இன்றும் 239இல் நிற்கிறார்கள். பேப் ரூத்துக்கு அதில் நான்கு அட்டைகள், செலவில் பெரும்பங்கை அவரே விழுங்கிவிடுவார். டாப்ஸ் கம்பெனியின் 1952 வரிசை 407 அட்டைகள். 311 முதல் 407 வரை தாமதமாகக் கடைக்கு வந்ததில் விற்காமல் தங்கிவிட்டது. 1960இல் மிச்சத்தைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அந்தப் பகுதியின் முதல் எண்தான் எல்லோரும் தேடும் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை. 310இல் நிறுத்துபவருக்கு இயல்பான ஒரு கரை கிடைக்கிறது. எண் போட்ட வரிசையில் கம்பெனி எங்கே தடுக்கியதோ அங்கேயே எல்லையும் அமையும். எண் இல்லாத டி206இல் அதை நாமே போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் வசதி.

நிலை என்ற எல்லை

பர்டிக் விட்டுக்கொடுத்ததையே எல்லையாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. முன்னாள் மேஜர் லீக் வீரர் டிமிட்ரி யங், வீரர்களின் முதல் வருட அட்டைகளை, தரம் பத்துக்குப் பத்து கிடைத்ததாக மட்டும் பார்த்துச் சேர்த்தார். 2012இல் ஏலத்தில் அது இருபது லட்சம் டாலருக்கு மேல் போனது. புகையிலைக் காலத்து அட்டைக்கு இந்த எல்லை பொருந்தாது. நூறு வருடத்துக்கு முன் சட்டைப்பையில் கிடந்த அட்டை கூர்மூலையோடு வந்தால் முதலில் சந்தேகப்படத்தான் தோன்றும். தரம் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்திடம் முதல் சான்று வாங்கிய அட்டையே ஒரு வாக்னர்தான், எட்டு மதிப்பெண். 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி கூட்டாக 4,51,000 டாலருக்கு வாங்கியது அது. அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஏலம் நடத்திவந்த பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார்.

நம் ஆளுக்கு நான் சொல்வது: கிழிசல் இல்லாமல், முன்பக்கப் படம் தெளிவாக, மூலைகள் எவ்வளவு மழுங்கியிருந்தாலும் சரி என்று ஒரே மட்டத்தில் வாங்குங்கள். ஒன்று பளபளப்பாகவும் பக்கத்தில் இருப்பது நாய் கடித்தது போலவும் இருந்தால் தொகுப்பு எடுபடாது. வாங்குமுன் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அடியில் உள்ள பெயரைப் பாருங்கள். அசலில் எழுத்து முழுப் பழுப்பாக, ஒரே மையில் நிற்கும். ஸ்கேன் செய்து அச்சடித்த நகலில் எழுத்தே புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும், வெள்ளை ஓரத்திலும் புள்ளிகள் தூவியிருக்கும்.

பத்து அட்டைகள்

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்ததில், மாதம் 150 டாலர்காரருக்கு நான் தேர்ந்தெடுப்பது சிகாகோ கப்ஸ் அணியின் மூன்று பேர். ஓடுபவர் தொட வேண்டிய இடங்களுக்கு பேஸ் என்று பெயர். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஜோ டிங்கர், இரண்டாம் பேஸில் ஜானி எவர்ஸ், முதல் பேஸில் ஃபிராங்க் சான்ஸ். பந்து டிங்கரிடமிருந்து எவர்ஸுக்கும் அவரிடமிருந்து சான்ஸுக்கும் போய் இரண்டு பேர் ஒரே மூச்சில் அவுட் ஆவதைப் பற்றி 1910இல் ஒரு நியூயார்க் நாளிதழில் எட்டு வரிப் பாட்டு வந்தது. மூவருமே 1946இல் ஒன்றாக ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். 1907, 1908 இரண்டு வருடமும் உலகத் தொடரை வென்ற அணி. அடுத்த கோப்பைக்கு 2016 வரை காத்திருந்தது.

டி206இல் டிங்கருக்கு நான்கு அட்டைகள்: முகம், முழங்காலில் கை, தோளில் மட்டை, தோளைவிட்டு மட்டை. எவர்ஸுக்கு மூன்று: முகம் ஒன்று, மட்டையோடு இரண்டு. அந்த இரண்டுக்கும் வித்தியாசம் சட்டையில் 'சிகாகோ' என்று இருக்கிறதா 'கப்ஸ்' என்று இருக்கிறதா என்பதுதான். சான்ஸுக்கு மூன்று: சிவப்புப் பின்னணி, மஞ்சள் பின்னணி, மட்டை வீச்சு. ஆக மொத்தம் பத்து. சாதாரண அட்டையைவிட விலை சில மடங்கு, ஆனால் காப் பக்கத்தில்கூட வராது. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் 20 மாதம், நல்ல பிரதிக்காகக் காத்திருந்தால் இரண்டரை வருடம். பத்தையும் ஒரே சட்டத்தில் வைத்தால் ஒரு அணியின் ஒரு காலம் முழுசாகத் தெரியும். அரிதானது எதுவும் இல்லாததால், பின்னால் மனம் மாறி விற்றாலும் வாங்க ஆள் இருக்கும்.

பத்து முடிந்ததும் கை ஊறும். அப்போது மூன்றாம் பேஸில் நின்ற ஹாரி ஸ்டைன்ஃபெல்டுக்குப் போகலாம். முகம் ஒன்று, மட்டையோடு ஒன்று என அவருக்கு இரண்டே அட்டைகள். அதே தடுப்பு வரிசையில்தான் அவரும் நின்றார், பாட்டில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. ஹால் ஆஃப் ஃபேமிலும் இல்லை. அதனால் பன்னிரண்டில் மலிவான இரண்டு அவருடையவை, சாதாரண வீரர் விலைக்கே கிடைக்கும்.